மலைநாட்டு ஒளியும் கமரா வில்லையின் குணமும்

1879ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயர்ன் தோட்டத்து இல்லத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மூதாட்டியார் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 63. அந்நாளில் புகைவண்டி நாவலப்பிட்டி வரையில்தான் ஓடிற்று. ஹற்றனுக்கு அது வந்து சேர 1884ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் கோப்பிச் செடிகள் நோய்ப்பட்டு நின்ற அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அம்மையாரின் உடல் பொகவந்தலாவைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள பரிசுத்த மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர்தம் கணவர் சார்ல்ஸ் ஹே கமரனும் அதே மண்ணில் துயில் கொண்டார்.

கமரன் என்னும் குடும்பப் பெயருக்கும் கமரா என்னும் கருவியின் பெயருக்கும் யாதோர் உறவும் இல்லை, ஒலியொற்றுமை தற்செயலானதே. ஆயினும் புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இவ்வம்மையாரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. கமரா வில்லை ஒன்று ஒரு முகத்தை எவ்வாறு வரைகிறது, அவ்வாறு வரைவது சரியா பிழையா, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வழக்கு உலகில் முதன்முதலாகப் பெரிய அளவில் எழுந்தது இவருடைய படங்களைப் பற்றியேயாம். இன்று கைக்கடக்கமான தூரமானிக் கமராக்களை வைத்திருப்போர் தத்தம் வில்லைகளின் குணத்தைப் பற்றி வாதிடுவதைக் கேட்கின்ற நேயர்கள், அவ்வாதத்தின் மூலவரான ஒருவர் நமது தேயிலை மலைகளின் நடுவே கிடக்கிறார் என்பதை அறிந்துகொள்வது நன்று.

அம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1838இல் அந்நகரிலேயே அவருடைய திருமணம் நடந்தது. கணவர் சட்ட அறிஞர். 1830களின் தொடக்கத்தில் கோல்புறூக்குடன் சேர்ந்து இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்து அறிக்கை தந்தவர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்ததில் அவருக்கும் பங்குண்டு. அதே மனிதர் இலங்கையில் காணிகளை வாங்கிக் கோப்பித் தோட்டச் சொந்தக்காரருமானார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். 1848இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது; 1860 முதல் வைற் தீவில் பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் வாழ்ந்தது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தனர். 48 வயதில், ஆறு பிள்ளைகளைப் பெற்ற பின்னர், கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாகவும் நிலக்கரி வைக்கும் கொட்டிலை இருட்டறையாகவும் மாற்றி அவர் தொழிலைத் தொடங்கினார். 1864 ஜனவரியில் ஆனி பில்பொட் என்னும் சிறுமியின் முகம் தட்டில் செவ்வனே பதிந்தபோது, அதுவே தமது முதல் வெற்றி என்று எழுதி வைத்தார்.

அவர் கையாண்ட முதல் வில்லை பிரான்ஸ் நாட்டில் ஜாமென் என்பார் செய்தது. குவியத்தூரம் 12 அங்குலம். அது, ஹங்கேரியில் பிறந்த ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் கணித்தமைத்த வகையைச் சேர்ந்தது. அவ்வகை வில்லை படத்தின் நடுவே கூர்மையாகவும், ஓரங்களிலே குழைந்தும் வரையும் இயல்புடையது. 1866இல் அம்மையார் டால்மேயர் தொழிற்சாலையின் புதிய வில்லை ஒன்றைப் பெற்றார். அதன் குவியத்தூரம் 30 அங்குலம். 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடித் தட்டுக்கு அது பொருந்துவது. இவ்வளவு நீண்ட குவியத்தூரமுள்ள வில்லையை ஒரு முகத்தின் மிக அருகில் நிறுத்தினால், கண் கூர்மையாக விழும்போது காது மங்கும். காதைக் கூர்மையாக்கினால் மூக்கு கரையும். அது வில்லையின் குற்றமன்று, ஒளியின் கணக்கு. தட்டில் படம் பதிய மூன்று முதல் ஏழு நிமிடம் வரை ஆயிற்று. அவ்வளவு நேரமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மனிதன் அசையாதிருக்க முடியுமா?

இத்துடன் மற்றொரு நுட்பமும் உண்டு. அக்காலத்து ஈரக் கொலோடியன் தட்டு நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டுமே இணங்குவது. மனிதக் கண் மஞ்சளொளியைக் கொண்டு குவியம் பார்க்கிறது. தட்டோ நீல ஒளியைக் கொண்டு படம் எழுதுகிறது. வில்லையிலே நிறப் பிறழ்ச்சி சரிவரத் திருத்தப்படாதிருந்தால் இவ்விரு ஒளிகளும் இருவேறு தூரங்களிற் குவியும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தது தட்டிலே மங்கி விழும். எனவே கமரன் அம்மையாரின் படங்களிலுள்ள மென்மைக்குக் காரணங்கள் பல. வில்லை ஒன்று, அசைவு ஒன்று, தட்டின் இயல்பு ஒன்று. ஆனால் யாவற்றினும் மேலான காரணம் அவருடைய விருப்பமே. 1874இல் தாம் எழுதிய சிறு வரலாற்றில், குவியத்தைத் திருப்பிக்கொண்டே வரும்போது தம் கண்ணுக்கு அழகாகப்பட்ட இடத்தில் நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்துகின்ற கூர்மையான இடம் வரை அதனைத் திருப்பவில்லை என்றும் அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

இதனைத் தொழிலறிந்தோர் பொறுக்கவில்லை. இலண்டன் புகைப்படச் சங்கத்தின் ஏடு அவரைக் கடிந்தது. குவியம் தப்பிய படங்களைத் துணிவாகக் காட்சிக்கு வைப்பதும், தட்டிலுள்ள கீறலையும் கறையையும் திருத்தாது விடுவதும் அவர்களுக்குப் பெருங்குற்றமாகத் தோன்றின. கூர்மையான படம் வேண்டித்தானே விஞ்ஞானிகள் இத்தனை பாடுபட்டனர் என்பது அவர்கள் கட்சி. 1864 இறுதியில் அம்மையார் தம் நண்பரும் வானியல் அறிஞருமான சேர் ஜோன் ஹேர்ஷலுக்கு ஒரு கடிதம் எழுதினார். சரியான குவியம் இதுவே என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்று அதில் கேட்டார். கடிதத்தைப் பெற்றவர் சாதாரணமானவரல்லர். படத்தை நிலைபெறச் செய்யும் ஹைப்போ உப்பின் இயல்பைக் கண்டறிந்தவர் அவரே. 1867இல் அம்மையார் எடுத்த ஹேர்ஷலின் படத்தைப் பார்த்தவர்கள், வில்லையின் மென்மை எதற்குப் பயன்பட்டது என்பதை அறிவார்கள். இருளிலிருந்து ஒரு முதிய முகம் எழுகின்றது. வெண்மயிர் ஒளிவட்டம்போல் நிற்கிறது. கன்னத்துச் சுருக்கங்கள் ஒன்றும் மறைக்கப்படவில்லை. மென்மை என்றால் பூசி மெழுகுதல் என்று எண்ணுவோர்க்கு இப்படமே மறுமொழி.

இத்துணைப் புகழ்பெற்றிருந்தவர் 1875இல் கணவருடன் இலங்கைக்குப் புறப்பட்டார். இரண்டு சவப்பெட்டிகளையும் ஒரு பசுவையும் கப்பலில் ஏற்றிச் சென்றதாக அக்காலத்தார் கதையாகச் சொல்வர். கோப்பியின் வருமானம் குறைந்துகொண்டிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் தோட்டந்தோறும் பரவிக்கொண்டிருந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே பின்னாளில் மலைநாட்டைக் காக்கப் போகிறது என்பது அன்று பலருக்குத் தெரியவில்லை. குடும்பம் களுத்துறையிலும் மலைத்தோட்டங்களிலும் மாறி மாறி வாழ்ந்தது.

இலங்கையில் அம்மையார் எடுத்த படங்களில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. வெப்பத்திலே கொலோடியனிலுள்ள ஈதர் விரைந்து ஆவியாகும். தட்டைப் பூசி, படமெடுத்து, ஈரம் உலருமுன் கழுவியாக வேண்டும். பூக்களை ஓவியமாகத் தீட்டிவந்த மரியான் நோர்த் என்னும் அம்மையார் 1877இல் களுத்துறைக்கு வந்தபோது, தம்மைப் படமெடுக்கக் கமரன் அம்மையார் பட்ட பாட்டை நகைச்சுவையோடு குறித்திருக்கிறார். நண்பகல் வெயிலில் தென்னங்கீற்றுகளின் நடுவே நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். பின்னர் ஈரப்பலா இலைகளைச் சன்னற்கதவில் ஆணியடித்து அதன்முன் நிறுத்தினாராம். பன்னிரண்டு தட்டுகள் வீணாயின. கண்ணாடி தம்மை அழகுபடுத்த மறுத்துவிட்டது என்பது நோர்த் அம்மையாரின் முடிவு. வில்லையும் தட்டும் எல்லா வெளிச்சத்திலும் ஒரே வண்ணம் நடப்பதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. வைற் தீவின் மங்கிய வடக்குச் சாளர ஒளியில் அருள் சுரந்த அதே கை, களுத்துறை வெயிலில் தடுமாறிற்று.

ஆயினும் அவர் இங்கு எடுத்தவற்றுள் நிலைத்து நிற்பவை உழைக்கும் மக்களின் படங்களேயாம். களுத்துறைக் குடியானவர் என்று பெயரிடப்பட்ட 1878ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலே ஒரு முதியவரும் ஒரு சிறுமியும் உள்ளனர். சிறுமிக்கு 12 வயதென்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் படத்தின் கீழே குறிப்பு எழுதப்பட்டுள்ளது. நூறு வயதுத் தந்தை என்பதை அம்மையார் நம்பினாரா என்பது வேறு. நோக்க வேண்டியது, அவர்கள் முகங்களின்மேல் அந்த வில்லை காட்டிய மரியாதையை. ஹேர்ஷலுக்கும் கார்லைலுக்கும் கொடுத்த அதே அருகாமையும் அதே கனமும் இவர்களுக்கும் கிடைத்தன. ஆனால் ஒன்று கிடைக்கவில்லை: பெயர். இங்கிலாந்தில் அம்மையாரின் பணிப்பெண் மேரி ஹில்லியர் மாதாவாக நின்றாலும் அவளுடைய சொந்தப் பெயர் இன்றும் ஏடுகளில் உள்ளது. இங்கே குடியானவர் என்றும், இளம்பெண் என்றும் எழுதியதோடு சரி. வில்லை செய்ததைப் பேனா செய்யவில்லை.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதை நினைத்தால் இக்குறை மேலும் உறுத்தும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிற்று. திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து மக்கள் திரள் திரளாகக் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பி மலைகளில் ஏறினர். வழியில் மாண்டவர்களுக்குக் கல்லறையுமில்லை, கணக்குமில்லை. அவர்களிற் சிலர் கிளென்கெயர்ன் போன்ற தோட்டங்களின் பிரட்டுக்களத்தில் நின்ற காலத்திலேதான், உலகின் மிகச் சிறந்த முகப்படக் கலைஞர் அம்மலையில் வாழ்ந்தார். அவர் கமரா அவர்களை நோக்கி இன்னும் அதிகமாகத் திரும்பியிருந்தால் மலைநாட்டு மக்களின் வரலாற்றுக்கு எத்துணைச் செல்வம் கிடைத்திருக்கும்!

அவர்களை நோக்கித் திரும்பியவை வணிகக் கமராக்கள். கொழும்பில் ஸ்கீன் கம்பெனியாரும், கண்டியிலும் கொழும்பிலும் ஸ்கோவன் கம்பெனியாரும் தோட்டக் காட்சிகளைப் படமெடுத்து விற்றனர். இவர்கள் வில்லையின் துவாரத்தை நன்கு சுருக்கி, முன்னால் நிற்கும் கூடை முதல் தொலைவிலுள்ள மலைமுகடு வரை யாவும் கூர்மையாக விழும்படி எடுத்தனர். மரம், தொழிற்சாலை, கொழுந்து, மனிதர் எல்லாம் ஒரே அளவான தெளிவு. தொழில் நேர்த்தியில் குறையில்லை. அன்றைய தோட்டத்தின் அமைப்பை அறிய இப்படங்கள் பேருதவியானவை. எனினும் எல்லாமே கூர்மையாக இருக்கும் படத்தில் மனிதனும் செடியோடு செடியாக நிற்கிறான். மேலும், செம்மையும் மஞ்சளும் கலந்த நிறங்களைக் கொலோடியன் தட்டு அறியாதாகையால், மாநிறத் தோல் உள்ளதைவிடக் கரியதாக விழுந்தது. பழைய படங்களில் நம் மக்களின் முகம் நிழலுருவாகத் தெரிவதைப் பார்த்து, அது அவர்களுடைய நிறம் என்றோ வில்லையின் குறை என்றோ கருதுவது தவறு. அது தட்டின் குருடு.

இனித் தூரமானிக் கமராவின் கதைக்கு வருவோம். ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னக் என்னும் பொறியாளர் சினிமாச் சுருளைப் பயன்படுத்தி அமைத்த லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தது. 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமுமே அதன் படத்தின் அளவு. 1932இல் தூரமானி வில்லையோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் சைஸ் இக்கன் நிறுவனத்தின் கொண்டாக்ஸும் வந்தது. தூரமானியின் செயல் எளியது. சிறு சாளரத்தினூடே நோக்கினால் பொருள் இரண்டாகத் தெரியும். வில்லையைத் திருப்பத் திருப்ப இரு உருவங்களும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான இடமே குவியம்.

கமரன் அம்மையாரின் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நேயர்கள் கருத்தில் வைக்க வேண்டும். அம்மையார் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்துக்கொண்டு, மங்கற்கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்தார். அவ்வுருவத்தை வரைந்தது வில்லையேதான். எங்கே கரைகிறது, எங்கே மினுங்குகிறது என்பதை அப்போதே கண்டு, அழகான இடத்தில் நிறுத்தினார். தூரமானிக் கமராக்காரன் பார்ப்பதோ வேறொரு சாளரத்தின் வழியாக. அதில் உலகம் எப்போதும் தெளிவாகவே இருக்கிறது. அவனுடைய வில்லை அந்தக் காட்சியை எவ்வண்ணம் வரையப் போகிறது என்பது, சுருளைக் கழுவி அச்சிட்டுக் கையில் எடுக்கும் வரை அவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் தன் வில்லையின் குணத்தை மனப்பாடமாகக் கற்றாக வேண்டும். படமெடுக்கும் கணத்தில் கண்ணால் காணாததை நினைவால் காண வேண்டும். வில்லையின் குணம் பற்றிய பேச்சு இவ்வகைக் கமராக்காரரிடையே இவ்வளவு மிகுந்திருப்பதற்கு இதனை ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

குணம் என்பது வெறும் கூர்மையன்று. 1933இல் லைக்காவுக்கு வந்த ஸும்மார் வில்லையை எடுத்துக்கொள்வோம். அதில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் முகங்கள் எட்டு. பூச்சில்லாத ஒவ்வொரு முகமும் தன்மீது விழும் ஒளியில் நான்கு அல்லது ஐந்து விழுக்காட்டைத் திருப்பியடிக்கும். எட்டு முகங்களிலும் சேர்ந்து கால் பங்குக்கு மேற்பட்ட ஒளி வழிதவறுகிறது. அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து நிழல்களின்மேல் வெண்படலமாகப் படிகிறது. லுட்விக் பெர்ட்டெலே கொண்டாக்ஸுக்காகக் கணித்த ஸொன்னார் வில்லையில், கண்ணாடிகளை ஒட்டி இணைத்து, அத்தகைய முகங்களை ஆறாகக் குறைத்தார். கருமை மேலும் கருமையாயிற்று. 1935இல் சைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா, வில்லையின்மேல் மெல்லிய பூச்சு ஏற்றி இவ்வொளியிழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பூச்சிட்ட வில்லைகள் பொதுவழக்காயின.

நவீனப் பூச்சு வந்ததும் பழைய வில்லைகள் குப்பையாயினவா என்றால், மலைநாட்டில் வாழ்வோர் தயங்கித்தான் விடை சொல்ல வேண்டும். சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காலை ஒளி இருவகைப்படும். பனிமூட்டத்தில் எங்கும் பரந்த வெள்ளொளி. மூட்டம் விலகியதும் கண்ணைக் கூசச் செய்யும் கடுவெயில். மூட்டத்திலே பழைய வில்லையின் வெண்படலம் படத்தைச் சாம்பலாக்கிவிடும். அங்கே பூச்சிட்ட வில்லையே சிறந்தது. கடுவெயிலிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையில் போர்த்த கறுப்புக் கம்பளி ஒருபுறம், பளபளக்கும் தேயிலை இலை மறுபுறம். இரண்டையும் ஒரே சுருளில் அடக்குவது அரிது. அப்போது நிழலுக்குள் சற்று ஒளியைக் கசியவிடும் பழைய வில்லை, கம்பளியின் கீழுள்ள முகத்தைக் கருமையிலிருந்து ஓரளவு மீட்டுத் தரும். ஒரு குறையே மற்றோரிடத்தில் உதவியாகிறது. ஈரம் மிகுந்த மலையில் வில்லையின் உட்புறம் பூஞ்சணம் பிடித்து, அதனால் வரும் மங்கலைக் குணமென்று பாராட்டுவோரும் உளர். அவர்களுக்காக இரங்கத்தான் முடியும்.

மென்மையை வேண்டிச் செய்யப்பட்ட தூரமானி வில்லையும் ஒன்றுண்டு. லைக்காவின் முதல் வில்லைகளைக் கணித்த மாக்ஸ் பேரெக், 1935இல் தம்பார் என்னும் 9 சென்றிமீற்றர் முகப்பட வில்லையைத் தந்தார். அதில் கோளப் பிறழ்ச்சி வேண்டுமென்றே விடப்பட்டது. வில்லையின் நடுவே செல்லும் கதிர்கள் ஓரிடத்திலும், விளிம்பு வழியே செல்லும் கதிர்கள் மற்றோரிடத்திலும் குவிவதால், கூர்மையான உருவத்தின்மேல் மெல்லிய ஒளித்திரை ஒன்று போர்த்தது போலாகும். அதனுடன் நடுவிலே சிறு வட்ட மறைப்புள்ள கண்ணாடி ஒன்றும் கொடுக்கப்பட்டது. அது நல்ல கதிர்களைத் தடுத்து விளிம்புக் கதிர்களையே வேலை செய்ய விடும். துவாரத்தைச் சுருக்கினால் மென்மை மறையும். இந்தக் கமராவில் மென்மையை முன்கூட்டிக் கண்ணால் காண வழியில்லையாகையால், மறைப்போடு ஒன்றும் மறைப்பின்றி ஒன்றுமாக இரண்டு அளவைகள் வில்லையின்மேல் பொறிக்கப்பட்டன. கமரன் அம்மையார் கண்ணால் செய்ததைத் தம்பார்க்காரர் கணக்கால் செய்ய வேண்டியதாயிற்று. மூவாயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்ட இவ்வில்லையை அந்நிறுவனம் 2017இல் மீண்டும் செய்து வெளியிட்டது. 1860களில் குற்றமென்று கடியப்பட்ட பண்பு ஒன்று, பெருவிலைக்கு விற்கப்படும் சரக்காக மாறியதை எண்ணி நகைக்காமல் இருக்க முடியவில்லை.

இலங்கையில் லைக்காவைக் கலைக்கருவியாகக் கையாண்டவருள் தலையாயவர் லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்து, இலண்டனில் சட்டமும் பியானோ இசையும் பயின்று வந்தவர். 1930களில் றொலிப்பிளெக்ஸும் லைக்காவும் கொண்டு இந்நாட்டு மக்களையும் நிலத்தையும் படமெடுத்தார். பாசில் றைட் 1934இல் எடுத்த 'ஸோங் ஒவ் சிலோன்' என்னும் விவரணப் படத்தில் ஒலிக்கும் குரல் வென்டினுடையது. அப்படத்துக்குப் பணம் தந்தது தேயிலைப் பிரசார சபை. தேயிலையை வளர்த்த கைகளைவிட வணிகக் குரல்களே அதில் உரக்கக் கேட்கின்றன. வென்ட் 1944இல் காலமானார்; அவருடைய எதிர்ப்படச் சுருள்கள் அழிந்துவிட்டன. இன்று எஞ்சியவை அச்சுப் பிரதிகளும், 1950இல் வெளிவந்த நூலும், 1953இல் அவர் நினைவாகக் கொழும்பில் எழுந்த அரங்குமே. அவருடைய வில்லைகளின் குணத்தை ஆராய விரும்புவோர் ஓர் எச்சரிக்கையைக் கொள்ள வேண்டும். இருட்டறையில் ஒளியைத் தலைமாற்றியும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் வித்தை புரிந்தவர் அவர். அச்சிலே தெரியும் மென்மை வில்லையினதா, தாளினதா, கையினதா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

எந்த வில்லையைச் சோதிப்பவருக்கும் இது பொருந்தும். தூரமானி ஒரு மயிரிழை பிசகியிருந்தாலும் குவியம் முன்னோ பின்னோ விழும். அதை வில்லையின் கனிவென்று கொண்டாடுவதும், கையசைவைக் குறையென்று தூற்றுவதும் வழக்கமாகவே நடக்கின்றன. நேர்மையாகச் சோதிக்க விரும்புபவர் கமராவைத் தாங்கியில் நிறுத்தி, ஒரே முகத்தை, ஒரே நேரத்து ஒளியில், துவாரத்தை முழுதும் திறந்தும் படிப்படியாகச் சுருக்கியும், பல தடவை எடுக்க வேண்டும். பின்னர் அச்சிலே கூர்மையான இடத்தைவிட, கூர்மை தளரத் தொடங்கும் இடத்தையே உற்றுநோக்க வேண்டும். கண்ணிமையிலிருந்து காது வரை செல்லும் வழியில் உருவம் மெல்ல விடைபெறுகிறதா, வெட்டுண்டு போகிறதா? பின்னணியில் தேயிலை இலைகளின் மினுக்கம் வட்டமாகக் கனிகிறதா, இரட்டைக் கோடுகளாக நடுங்குகிறதா? நிழலிலுள்ள தோலில் உயிர் இருக்கிறதா? நான்கு மூலைகளின் கூர்மையை அளந்து பார்ப்பது நிலப்படம் வரைவோர்க்குப் பயன்படும். முகத்தை வரைவோர்க்கு அது அவ்வளவு முக்கியமன்று.

மலைநாட்டு மக்களின் முகங்கள் மிக அதிகமாகப் பதிவானது கலைஞர்களின் வில்லைகளால் அன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று எழுதப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டது. கடவுச்சீட்டுக்கு முகப்படம் வேண்டும். தோட்டத்து லயங்களிலிருந்து இறங்கி வந்து, நேர்முகமாய், காது தெரிய, நிழலின்றி, அசையாமல் அவர்கள் அமர்ந்தார்கள். வில்லை துவாரம் சுருங்கி, மூக்கும் காதும் நெற்றிச் சுருக்கமும் ஒரே அளவில் தெளிவாகும்படி தன் கடமையைச் செய்தது. அந்தப் படங்களோடு ஹற்றனிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் புகைவண்டியேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் அவர்கள் இறங்கினர். 1984இல் கப்பல் நின்றது. நாடற்றோராய் இங்கேயே எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.

அச்சிறு படங்களில் மென்மையும் இல்லை, ஒளிவட்டமும் இல்லை. கமரன் அம்மையார் பார்த்திருந்தால் குவியத்தைச் சற்றே திருப்பியிருப்பார். ஆனால் ஒவ்வொன்றின் அருகிலும் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றன. பாட்டன் பாட்டியின் முகம் அந்தக் கடவுச்சீட்டுப் படத்தில் மட்டுமே எஞ்சியுள்ள குடும்பங்கள் கடலின் இரு கரையிலும் உண்டு. அதனைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டத்திலிட்டு, சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். 1878இல் களுத்துறையில் அம்மையாரின் வில்லைக்கு முன்னால் நின்ற அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் படம் உலகப் புகழ் பெற்றது. அவள் பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது.